இறந்தவர் எவருமில்லாத பெயர்

பனிக்கட்டியின் மேல் சீல்கள் என்னும் கடல்நாய்கள் வெயில் காய ஏறிப் படுக்கும் பருவத்தில், ஹட்சன் விரிகுடாவின் கரையில் அமைந்த சிக்குலிக் என்னும், பனிநாட்டு மக்களான இனுயிட்டுகளின் குடியிருப்புக்குத் தெற்கிலிருந்து ஒரு மனிதன் நடந்து வந்தான். உச்சந்தலை முதல் பாதம் வரை சாம்பல் நிறமன்றி வேறு நிறம் அவனிடம் இல்லை. கால்கள் மற்றவர்களின் கால்களைவிடச் சற்று விரைவாக, வெட்டி வெட்டி நகர்ந்தன. உதடுகளில் இருந்த சிரிப்பு, காற்று முகத்தில் அடித்தபோதும் மாறவில்லை, அவனைக் கண்டு நாய்கள் ஊளையிட்டபோதும் மாறவில்லை. கழுத்தில் ஓநாய்ப் பற்களைக் கோத்த மாலை கிடந்தது. அப்படியொரு மாலையை அந்தக் கரையில் எந்த ஆணும் எந்தக் காலத்திலும் அணிந்ததில்லை.

எவரும் வியப்படையவில்லை. வியப்படைய என்ன இருக்கிறது? அவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் மேலங்கியைத் தைத்தவளே அங்கு நின்றுகொண்டிருந்தாள். நிவியாக் என்பது அவள் பெயர், விதவை, தோலுடைகளில் தன் தையல் எது, பிறருடைய தையல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லக்கூடியவள். வந்தவனின் தோள் மூட்டில் ஓடிய தையலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அது அவளுடைய கணவன் தூலுகாக்கின் முகம். தூலுகாக் இறந்து சில குளிர்காலங்கள் கழிந்திருந்தன. அவன் கண்களை மூடியவை இவளுடைய விரல்களே.

"அத்தை, இங்க வாங்க," என்று கூப்பிட்டாள் நிவியாக். "இது யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

அத்தை என்று அழைக்கப்பட்டது, வால்ரஸ் என்னும் தந்தமுள்ள கடல் விலங்கின் தலையைத் தனியாகத் தோளில் தூக்கி வரக்கூடிய, இன்னும் மணமாகாத, குமாக் என்ற தடித்த வேட்டைக்காரன். இதில் வேடிக்கை ஏதும் இல்லை. தூலுகாக்கின் தாய் குமாக் என்ற பெயருடையவள். அவள் இறந்த பின் பிறந்த இந்தப் பிள்ளைக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. பெயரோடு அவளும் வந்துவிட்டாள். அந்த மக்களிடையே பெயர் என்பது ஒருவரைக் கூப்பிடுவதற்கான ஒலி அன்று. இறந்தவர் தம் பெயரில் தங்கிக் காத்திருப்பார். அது பிறந்த குழந்தைக்குக் கொடுக்கப்படும்போது அக்குழந்தைக்குள் வந்து அமர்வார். அன்று முதல் இறந்தவருக்கு யார் யார் என்னென்ன முறையோ அந்த முறையிலேயே குழந்தையை எல்லோரும் அழைப்பார்கள். ஆகவே மார்பில் மயிர் அடர்ந்த இந்தக் குமாக் நிவியாக்குக்கு மாமியார்; மாமியாருக்குரிய உரிமைகள் அனைத்தையும், குறிப்பாகக் குறை சொல்லும் உரிமையை, அவன் குறைவின்றிப் பயன்படுத்தி வந்தான்.

குமாக் வந்தவனைச் சுற்றி ஒரு முறை நடந்தான். மோந்து பார்த்தான்.

"மூஞ்சி என் மகனோடதுதான்," என்றான். "மத்தபடி இவனை நான் பெக்கல."

"அப்ப யாரு?"

"உனக்குத் தெரியாதாக்கும், மருமகளே? நாம எல்லாரும் சேர்ந்துதானே இவனைக் கூப்பிட்டோம். இதுதான் டூகோ."

அது உண்மை. அந்த உண்மையில் சிக்குலிக்கின் பிழையும் இருந்தது, மறைப்பதற்கில்லை. முன்பொரு கோடையில் தெற்கிலிருந்து ஒரு படக்காரர் ஊமைப்படம் எடுக்கும் கேமராவோடு வந்தார். உறைபனி மக்களின் உண்மையான வாழ்க்கையை உலகுக்குக் காட்டப் போவதாகச் சொன்னார். உண்மையைக் காட்டுவதற்காக முதலில் அவர்களுடைய துப்பாக்கிகளை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். தேநீர்க் கெண்டியையும், மிஷன் கொடுத்த வேதப் புத்தகத்தையும், தூலுகாக் நரித்தோல் கொடுத்து வாங்கி, சுருள்வில் உடைந்தபோதெல்லாம் தானே சரிசெய்து வைத்திருந்த கிராமபோனையும் பார்வைக்கு எட்டாத இடத்துக்கு அகற்றினார். பனிவீட்டினுள் வெளிச்சம் போதவில்லை என்று வீட்டைப் பாதியாக வெட்டச் செய்து, அந்தப் பாதி வீட்டில், வீசுகிற காற்றில், குடும்பம் சுகமாக உறங்குவதுபோல் படுக்கச் சொன்னார். தூலுகாக் என்ற பெயர் தம் நாட்டவர் நாவில் புரளாது என்று கருதி, டூகோ என்றொரு பெயரைத் தாமே உண்டாக்கினார். ஓநாய்ப் பல் மாலையையும் அவரே கோத்தார்.

அந்தப் பெயரில் இதற்கு முன் எவரும் வாழ்ந்ததில்லை. ஆகையால் எவரும் இறந்ததும் இல்லை. வேறு எந்த நாட்டிலாவது இது சிறு விஷயமாக இருக்கலாம். பெயர் எத்தகையது என்று அறிந்த சிக்குலிக் மக்கள் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனால் விருந்தினரின் மனம் கோணக் கூடாதே என்று, அவர் கேமராவின் கைப்பிடியைச் சுழற்றும்போதெல்லாம், "டூகோ! டூகோ!" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள். பெண்கள் கூப்பிட்டார்கள், கிழவர்கள் கூப்பிட்டார்கள், நிவியாக்கும் கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிட, காலியாக இருந்த அந்தப் பெயருக்குள் எதுவோ ஒன்று வந்து உட்கார்ந்ததை எவரும் கவனிக்கவில்லை. இத்தகைய பிழையைச் செய்ய அவர்களால்தான் முடியும். பெயரை வெறும் ஒலி என்று நினைக்கும் மக்கள் எத்தனை முறை கத்தியிருந்தாலும் ஒன்றும் நேர்ந்திருக்காது.

இன்னொன்றும் நேர்ந்தது. தூலுகாக் பனி விளிம்பிலிருந்து நீரில் தவறி விழுவதாக ஒரு காட்சி. அவன் விழுந்தான், ஏறினான். மேகம் சூரியனை மறைத்துவிட்டது என்றும் இன்னொரு முறை விழ வேண்டும் என்றும் படக்காரர் சொன்னார். அவன் இன்னொரு முறை விழுந்தான். இருமல் அன்று தொடங்கியது என்பாள் நிவியாக். கப்பல்களில் வரும் நோய் அது என்பார் மிஷன் பாதிரியார். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். இரண்டும் தெற்கிலிருந்து வந்தவையே. படம் ஊர் ஊராக ஓடியது, தூலுகாக் இருமினான், தெற்கத்தி மக்கள் அவன் சிரிப்பின் பெயரால் இனிப்புகள் செய்து விற்றார்கள், தூலுகாக் இறந்தான். மாவீரன் டூகோ மானைத் துரத்திச் சென்று, இயற்கையோடு போராடிப் பட்டினியால் மாண்டான் என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே கடை வைத்திருந்த தெற்கத்தியரிடம் வந்த பத்திரிகையை நிவியாக்கின் மகள் ரூத் வாசித்துச் சொன்னாள். அவள் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவள். வாசித்து முடித்ததும் அவளுடைய தாய் கேட்டது ஒன்றுதான்: "அப்ப கூடாரத்துல டின்னுல இருந்த பிஸ்கட்டையெல்லாம் யாரு தின்னது?"

இப்போது அந்த மாவீரன் வாசலில் நிற்கிறான். வந்தவனுக்குச் சோறில்லை என்று சொல்லும் வழக்கம் அங்கு இல்லை. ஆகவே சிக்குலிக் அவனை ஏற்றுக்கொண்டது. அன்போடு என்று சொல்ல மாட்டேன், ஒழுங்கோடு ஏற்றுக்கொண்டது.

அவனுக்கு ஒரு பனிவீடு கட்டினார்கள். கடைசிக் கட்டியை வைத்த உடனே அதன் ஒரு பாதி சத்தமின்றிச் சரிந்தது. மீண்டும் கட்டினார்கள், மீண்டும் அதே பாதி சரிந்தது. டூகோ மிஞ்சிய பாதியில் படுத்து, திறந்த பக்கம் முகத்தைக் காட்டி, நன்றாக உறங்குபவனைப்போல் சிரித்தான். வெயில் ஏறி, எல்லோரும் தோல் கூடாரங்களுக்கு மாறி, பாறைகளுக்கிடையே ஊதாப் பூக்கள் மலர்ந்த பின்னரும் அந்தப் பாதி வீடு உருகவில்லை. நல்ல பொருளை வீணாக்கும் பழக்கமில்லாத பெண்கள் அதனுள் இறைச்சியைக் கெடாமல் அடுக்கி வைத்துக்கொண்டார்கள். டூகோ இறைச்சிக்கு நடுவில் உறங்கினான்.

அவன் வேட்டைக்கும் போவான். துப்பாக்கியைக் காட்டினால் அதை மரக்கிளைபோல் தலைகீழாகப் பிடிப்பான். எறியீட்டியோடு பனித்துளையருகில் நின்று, கயிற்றோடு போராடி, விழுந்து, எழுந்து, ஒவ்வொரு நாளும் ஒரு சீலை இழுத்து வருவான். அது எப்போதும் அதே சீல்; நெடுநாள் முன்பே செத்து விறைத்தது; அதற்கும் நிறமில்லை. படப்பிடிப்பின்போது துளைக்குள் முன்கூட்டியே இறக்கி வைத்த சீல் அது என்று எல்லோருக்கும் தெரியும். நாய்கள் அதை மோந்துவிட்டுப் போய்விடும்.

கிராமபோனை மட்டும் அவனிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. இசைத்தட்டைக் கண்டால் கண்களை அகல விரித்து, காதில் வைத்துப் பார்த்து, பிறகு பல்லால் கடிப்பான். முதல் தடவை இளைஞர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிவியாக் சிரிக்கவில்லை. அந்தத் தட்டின் கீறல்களைக்கூட மனப்பாடமாக அறிந்திருந்த மனிதனின் முகம், தட்டு என்றால் என்னவென்று அறியாத முகமாக ஆக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். தட்டைப் பிடுங்கித் தன் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவனுக்குக் குரல் கிடையாது. வாயைத் திறப்பான், உதடுகள் அசையும், ஒலி வராது. சற்று நேரம் கழித்து, ஊமைப்படத்தில் வசனம் வருவதுபோல், அவன் தலைக்கு மேல் காற்றில் ஒரு கரும்பலகை எழும். அதில் வெள்ளை எழுத்துகள் தோன்றும். வாசிக்கும் அளவுக்கு நின்றுவிட்டு மறையும். ஆங்கிலம் அறிந்தவள் ரூத் ஒருத்தியே என்பதால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன போட்டிருக்கு?"

"'பனியின் கள்ளமற்ற பிள்ளைகள் நாளையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை' அப்படின்னு."

"நான் கேட்டது, இறைச்சிக்கு மேல ஏன் கால் வைக்கிறான்னு."

"அதுக்குப் பதில் இல்லை. 'பசித்தாலும் டூகோ சிரிப்பான்' னு போட்டிருக்கு."

"நாளையைப் பத்திக் கவலைப்படாம இருந்தா இந்த இறைச்சியை எவன் காய வச்சான்?" என்று குமாக் காற்றைப் பார்த்துக் கத்துவான். காற்றில் எழுதியவர் யாரோ, அவர் காதில் அது விழவில்லை.

இவ்வாறு அவர்கள் பழகிக்கொண்டார்கள். முன்போலவே துப்பாக்கி துடைத்தார்கள், தேநீர் குடித்தார்கள், ஞாயிறு பாட்டுப் பாடினார்கள். கடைக்காரர் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. தோல் வாங்கித் தோட்டா விற்கும் அந்தத் தெற்கத்தியர், டூகோவைக் கண்ட நாளிலேயே பரவசமடைந்து, நாய்வண்டித் தபாலில் படக்காரருக்குச் செய்தி அனுப்பினார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, இவனைப்போல் நீங்கள் ஏன் இல்லை என்று கேட்கவும் தொடங்கினார். அவர்களுடைய பாட்டன்மாரைப் பார்த்தே இராத ஒருவர், நீங்கள் உங்கள் பாட்டன்மாரைப்போல் இல்லையே என்று குறைபட்டுக்கொள்வதைவிடப் பெரிய துணிச்சல் உலகில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

கோடையின் நடுவில் ரூத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்குத் தூலுகாக் என்று பெயர் வைப்பது கருவுற்ற நாளிலேயே முடிவான செய்தி. நிவியாக் இவ்வளவு காலம் காத்திருந்ததும் அதற்காகத்தான். கணவன் வந்ததும் முதலில் ஒரு மூச்சு சண்டை போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இறந்தவன் பாதியில் விட்டுப்போன படகின் தோலுறையை அவள் ஒருத்தியாகத் தைத்து முடிக்க வேண்டியிருந்தது. குழந்தையைக் கையில் வாங்கி, காதருகே குனிந்து, "தூலுகாக்," என்றாள்.

குழந்தை திரும்பவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை. அழுகையும் குழந்தையின் அழுகையாக இல்லை. மெல்லிய, யாரையும் கூப்பிடாத ஒரு முனகல். விரலால் தொட்டு வைத்த இறைச்சிச் சாறு மட்டும் ஒரு துளி இரு துளி இறங்கியது. வேறு பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். அதற்கும் அசையவில்லை. அடுத்த நாளும் அப்படியே கழிந்தது. பெயர் வந்து அமராத உடம்பு நிலைக்காது என்பது அங்கு எல்லோருக்கும் தெரியும். 

அதை வாய்விட்டுச் சொன்னவன் குமாக். "மருமகளே, உன் புருஷன் வர ஆசைப்படுறான். ஆனா எப்படி வருவான்? அவன் மூஞ்சியை மாட்டிக்கிட்டு இன்னொருத்தன் வெளியில சுத்துறானே. மூஞ்சி அங்க, பேரு இங்கேன்னா பிள்ளை எதைப் பிடிச்சுக்கும்?"

"அப்ப அவனைப் போகச் சொல்லுங்க, அத்தை."

"எங்க போவான்? செத்தவன்னா செத்தவங்க இடத்துக்குப் போவான். இவன் பேருல யாரும் செத்ததே இல்லை. இவனுக்குச் சாகத் தெரியாது."

அந்த வேளையில்தான் கப்பல் வந்தது. படக்காரர் இறங்கினார். தலை நரைத்திருந்தது, இம்முறை குரலையும் பதிவு செய்யும் கருவி கொண்டுவந்திருந்தார். பாதி வீட்டில் இறைச்சிக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்த டூகோவைக் கண்டு அவர் கண்ணீர் விட்டார். கண்ணீர் உண்மையானதே, தாம் படைத்ததைக் கண்டு அழாதவர் யார்? நிவியாக்கின் கைகளைப் பிடித்துக் குலுக்கினார். தூலுகாக்கைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ரூத்தை மொழிபெயர்க்கச் சொல்லித் தம் திட்டத்தை விளக்கினார்.

"உலகமே டூகோவுக்காக அழுதது. இனி உலகம் மகிழட்டும். இந்தப் பெண் அவனருகில் அமர்ந்து, தன் மொழியில், 'என் கணவர் திரும்பி வந்துவிட்டார்' என்று சொன்னால் போதும். எளிய காட்சி. அதுவரை துப்பாக்கிகள் வெளியில் தெரியக் கூடாது. தோட்டாப் பெட்டியைப் பூட்டி வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். காட்சி முடிந்ததும் திறப்பார்."

இலையுதிர்காலத்து மான்கூட்டம் உள்நாட்டில் நகரத் தொடங்கியிருந்தது. தோட்டா இல்லாமல் அந்தக் கூட்டம் கடந்துபோனால் வரும் குளிர்காலத்தில் சிக்குலிக் என்ன தின்னும் என்பதை அவர் யோசிக்கவில்லை. பட்டினியால் மாண்ட மாவீரனைப் பற்றி உலகை அழவைத்தவர், பட்டினி எப்படி உண்டாகிறது என்று ஒருபோதும் கேட்டதில்லை.

ரூத் தாயிடம் திரும்பினாள். மேலங்கியின் முதுகுப்புறத்தில் குழந்தையைச் சுமக்கத் தைத்த தொப்பிப் பையில் குழந்தை முனகிக்கொண்டிருந்தது. "இவன்தான் அப்பான்னு நீ சொல்லணுமாம்மா. சொன்னாத்தான் தோட்டாவாம்."

"சொல்லாதே, மருமகளே," என்றான் குமாக். அவன் குரலில் கிண்டல் இல்லை. "அந்த முறையைச் சொல்லி, அந்தப் பேரைச் சொல்லி நீ கூப்பிட்டா, பேரு அவன்கிட்ட ஒட்டிக்கும். அப்புறம் பிள்ளைக்கு இல்லை. தோட்டா இல்லாட்டி எறியீட்டி இருக்கு. எனக்குக் கை இருக்கு."

நிவியாக் நெடுநேரம் டூகோவைப் பார்த்தாள். தான் தைத்த மேலங்கியின் தோள் மூட்டைப் பார்த்தாள்.

"ஒட்டணும், அத்தை," என்றாள். "ஒட்டினாத்தான் அவனால சாக முடியும்."

குமாக் தலையசைத்து, வழிவிட்டு விலகினான். 

"அவர்கிட்டச் சொல்லு," என்றாள் மகளிடம். "நான் சொல்றேன். ஆனா என் புருஷன் எப்படிச் செத்தாருன்னு சொல்லிட்டுத்தான் சொல்வேன்."

ரூத் படக்காரரிடம் மொழிபெயர்த்தாள். "சொல்கிறாள்," என்றாள். அவ்வளவுதான் மொழிபெயர்த்தாள்.

மறுநாள் முற்பகல், வெயில் தெளிவாக இருந்தபோது, கருவிகள் நிறுத்தப்பட்டன. சிக்குலிக் முழுவதும் வந்து நின்றது. நிவியாக் பாதி வீட்டுக்குள் போய், டூகோவின் எதிரில், முழங்கால் முழங்காலில் படும்படி உட்கார்ந்தாள். படக்காரர் கையசைத்தார். கருவி சுழன்றது.

"தூலுகாக்," என்று கூப்பிட்டாள்.

சிரிப்பு மாறவில்லை. ஆனால் கண் இமைகள் ஒரு முறை, மெதுவாக, மனிதர்கள் இமைக்கும் வேகத்தில் இமைத்தன.

"தூலுகாக், நீங்க மான் துரத்திக்கிட்டுப் போய்ச் சாகலை. வீட்டுல செத்தீங்க. நாலு பக்கமும் மூடின கூடாரத்துல, என் மடியில செத்தீங்க. பசியில சாகலை; பிஸ்கட் இருந்தது, மீன் இருந்தது, உங்களால முழுங்கத்தான் முடியலை. இருமி இருமிச் செத்தீங்க. ரத்தத்தை உறிஞ்சக் காய்ஞ்ச பாசியைப் பரப்பி வச்சேன். அதெல்லாம் சிவந்துபோச்சு."

அவனுடைய மேலங்கியின் மார்பில் ஒரு துளி தோன்றியது. சிவப்பு. அந்த வசந்தத்திலிருந்து அவனிடம் எவரும் கண்ட முதல் நிறம் அதுதான்.

"பாட்டு வைக்கச் சொன்னீங்க. கீறல் விழுந்த தட்டு. ஊசி எகிறுற இடத்துல பாட்டுக்காரனை நீங்க எப்பவும் கிண்டல் பண்ணுவீங்க. அன்னைக்கும் பண்ணினீங்க." மேலங்கிக்குள்ளிருந்து இசைத்தட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதைக் காதில் வைக்கவில்லை. கடிக்கவில்லை. ஓரத்தைக் கட்டைவிரலால் துடைத்து, தூசி போக ஊதினான். விரல்கள் பழுப்பு நிறமாயின, மணிக்கட்டுகள் பழுப்பாயின, கன்னங்களில் பனி சுட்ட பழைய தழும்புகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

"கடைசியா ஒண்ணு. நீங்க சிரிச்சுக்கிட்டே சாகலை. கோபமாச் செத்தீங்க. அந்த ஆளைத் திட்டிக்கிட்டே செத்தீங்க."

அவன் தலைக்கு மேல் கரும்பலகை அவசரமாக எழுந்தது. வெள்ளை எழுத்துகள் தோன்றின. எல்லோரும் ரூத்தைப் பார்த்தார்கள். "'பனியின் பிள்ளை எவரையும்...'" என்று அவள் தொடங்குவதற்குள், கீழே இருந்தவன் இருமினான். நெஞ்சைப் பிளக்கும் அந்த இருமலைச் சிக்குலிக் மறந்திருக்கவில்லை. எழுத்துகள் நொறுங்கிச் செதில் செதிலாக இறைச்சியின் மேல் விழுந்தன. இருமல் அடங்கியபோது உதட்டில் சிரிப்பு இல்லை. முன்பல் ஒன்று இல்லாத அந்த வாய் திறந்து, குரலோடு பேசியது.

"இன்னொரு தடவை விழச் சொன்னான், நிவியாக்."

"தெரியும்."

"நானும் விழுந்தேன் பாரு."

"தெரியும், தெரியும்."

"டீ இருக்கா? சர்க்கரை போட்டு."

குமாக் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். கேமராவுக்கு முன்னால், தகரக் குவளையில். நிவியாக் அதை அவன் உதட்டில் வைத்தாள். அவன் ஒரு மடக்குக் குடித்தான். ஓநாய்ப் பல் மாலையைக் கழற்றிக் கீழே போட்டான். இறந்தான். அவள் அவன் கண்களை இரண்டாம் முறை மூடினாள். மூடிய கையை எடுத்தபோது மேலங்கி மட்டும் அங்கே கிடந்தது; கோடை முழுவதும் உருகாத அந்தப் பாதி வீடு, வெட்கமடைந்ததுபோல், ஒரே நேரத்தில் நீராகி ஓடியது. பெண்கள் இறைச்சியை அள்ளிக்கொண்டார்கள்.

படக்காரர் கருவியிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் முகம் ஒளிர்ந்தது.

"அற்புதம்," என்றார். "ஆனால் நடுவில் மேகம் மறைத்துவிட்டது. அந்தக் குவளையும் தெரிந்துவிட்டது. இன்னொரு முறை செய்யச் சொல்."

ரூத் அதை மொழிபெயர்த்தாள். இம்முறை ஒரு சொல்லையும் விடவில்லை.

முதலில் பதில் சொன்னது அவள் முதுகில் இருந்த குழந்தை. அது வாயைத் திறந்து கத்தியது. முனகல் அன்று, கடுஞ்சினம், நாய்வண்டி கவிழ்ந்தால் தூலுகாக் கத்துவானே, அந்தக் கத்தல். கூட்டத்தில் இருந்த கிழவர்கள் பழக்கத்தில் ஒரு அடி பின்வாங்கினார்கள். ரூத் குழந்தையை முன்புறம் இழுத்து மார்பில் வைத்தாள். அது பற்றிக்கொண்டது.

"அப்பா, மெதுவா! வலிக்குது," என்றாள் ரூத். அழுதுகொண்டே சொன்னாள்.

"பல்லில்லாத வயசுலயே இந்தக் கடியா? என் மகன்தான்," என்றான் குமாக்.

நிவியாக் எழுந்து, முழங்காலில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டு, கீழே கிடந்த மாலையை எடுத்தாள். ஒரு பெயர் மிஞ்சியிருந்தது. அதை அணிந்திருந்தவன் வேறு பெயரில் இறந்துவிட்டதால் அது இன்னும் எவருமின்றிக் காற்றில் நின்றது. காலிப் பெயரை அப்படியே விட்டுவைப்பது தவறு. அதற்கு ஓர் உடம்பு வேண்டும். உரியவரிடம் சேர்ப்பதே முறை. அவள் படக்காரரின் முன் போய் நின்றாள். மாலையை அவர் கழுத்தில் மரியாதையோடு போட்டாள்.

"டூகோ," என்றாள்.

படக்காரர் நெகிழ்ந்துபோனார். தமக்கு அளிக்கப்பட்ட பெருமை என்று எண்ணி, நெஞ்சில் கை வைத்து, தலையசைத்தார். பெயருக்கு அந்தத் தலையசைப்பு போதும்.

"டூகோ, உள்ள வாங்க, டீ குடிங்க," என்றான் குமாக், நல்ல மாமியாரைப்போல.

"டூகோ, காத்துல நிக்காதீங்க," என்றார்கள் பெண்கள். "டூகோ! டூகோ!" என்று சிக்குலிக் முழுவதும் கூப்பிட்டது, முன்பு சிரித்துக்கொண்டே செய்த பிழையை, இம்முறை ஒருவரும் சிரிக்காமல், தெரிந்தே செய்தது. அவர் ஒவ்வொரு அழைப்புக்கும் தலையசைத்துப் புன்னகைத்தார். பொழுது சாய்வதற்குள் அவருடைய சிவந்த கன்னங்கள் சாம்பலாகிவிட்டன. நீல மேலங்கி சாம்பலாகிவிட்டது. புன்னகை அப்படியே இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார். எவரும் கேட்பதற்கு முன்பே போய்த் தோட்டாப் பெட்டியைத் திறந்து வைத்தார்.

கப்பல் புறப்பட்டபோது வேட்டைக்காரர்கள் துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையில் நின்றார்கள். மேல்தளத்தில் சாம்பல் நிற மனிதர் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி கரையை நோக்கி வாயை அகலத் திறந்து திறந்து மூடினார். கழுத்து நரம்புகள் புடைத்திருந்ததைப் பார்த்தால் உரக்கக் கத்துகிறார் என்றே தோன்றியது. ஒலி வரவில்லை. சற்று நேரம் கழித்து அவர் தலைக்கு மேல் கரும்பலகை எழுந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான் குமாக்.

ரூத் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு வாசித்தாள். "'இவனுக்கு ஒரு குறையும் இல்லை. இவன் எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறான்' னு போட்டிருக்கு."

"நிஜமாவா? பார்த்தா அப்படித் தெரியலையே."

நிவியாக் தன் கணவனை மகளின் கையிலிருந்து வாங்கித் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டினாள். படகின் தோலுறையைப் பற்றி அவனிடம் பேச வேண்டியது நிறைய இருந்தது. அவன் பால் குடித்த களைப்பில் கண்ணை மூடி, அதைக் கேட்காதவன்போல் நடித்தான். உயிரோடு இருந்த காலத்திலும் அவன் அப்படித்தான்.

"எழுதியிருக்கே, அத்தை," என்றாள் நிவியாக். "எழுதியிருந்தா அது உண்மையாத்தான் இருக்கணும்."